ஆற்ரை பிழை எண்டு கேட்டால் பூட்டுத் திறக்காது

நான் மெய்யியல் படிக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கலைப்பீடம், மூன்றாம் வருடம். "அதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே களைத்துப்போன கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனால் கணினிப் பாடப்புத்தகங்களில் எங்கட ஆக்களுக்கு நிரந்தரமான ஓர் இடம் இருக்கிறது என்று போன வருடம்தான் தெரியவந்தது. அங்கே ஐந்து மெய்யியலாளர்கள் ஒரு வட்டமேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஐந்து கோப்பைகள், கோப்பைக்குக் கோப்பை நடுவில் ஒவ்வொன்றாக ஐந்து முள்ளுக்கரண்டிகள். சாப்பிட ஒருவருக்கு இரண்டு கரண்டி வேண்டும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கத்துக் கரண்டியை எடுத்துவிட்டு, வலப்பக்கத்துக் கரண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். கையில் இருப்பதைக் கீழே வைக்க ஒருவருக்கும் மனமில்லை. ஐவரும் பட்டினி.

"பாத்தியோ, உங்கட ஆக்களின்ர கெட்டித்தனத்தை" என்று அக்கா சிரித்தா.

1965 இல் டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரர் தன் மாணவர்களுக்குப் பரீட்சைக் கணக்காகக் கொடுத்த விசயம் இது. அவர் கொடுத்தபோது டேப் டிரைவ்களுக்குப் போட்டிபோடும் கணினிகளாகத்தான் இருந்தது. அதை மெய்யியலாளர்களாக மாற்றியவர் டோனி ஹோர். எங்களில் அவருக்கு என்ன கோபமோ தெரியாது.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். கணினி விஞ்ஞானம் முடித்துவிட்டு, கொக்குவிலில் வீட்டு அறைக்குள் இருந்தபடி ஒரு வெளிநாட்டுக் கொம்பனிக்கு வேலை செய்கிறா. லினக்ஸுக்கு ஒரு கோப்பு முறைமை டிரைவர் எழுதுகிற வேலை. அம்மம்மாவுக்கு அதில் 'டிரைவர்' என்ற சொல் மட்டும்தான் விளங்கியது. "பெட்டை எந்த றூட்டில ஓடுறாள்?" என்று ஒருநாள் உண்மையாகவே கேட்டா. எனக்கு ஊர் கரவெட்டி. கம்பஸுக்குக் கிட்ட என்று பெரியம்மா வீட்டில்தான் நிற்கிறேன். அக்காவின் மேசைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. அதனால் அவவுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி மூன்று கிழமைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த மூன்று கிழமையும் அந்த டிரைவர் இடைக்கிடை உறைந்துபோய் நின்றது. அந்த வேலை அவவுக்கு நிரந்தரமாகுமா என்பது அது ஏன் நிற்கிறது என்பதில் தங்கியிருந்தது.

முதலில் இந்த டிரைவர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்குக்குக் கோப்பு, ஃபோல்டர், பெயர் ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இலக்கமிட்ட கட்டங்கள் மட்டும். எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் கிடக்கிறது, எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்ற கணக்கை வைத்திருப்பதுதான் கோப்பு முறைமை. நூலகத்து அட்டைப் பட்டியல் மாதிரி. நூலகத்தில் ஒரே அட்டையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன நடக்கும்? ஒரு புரோகிராம் 512 ஆம் கட்டம் வெறுமை என்று பார்க்கிறது. அது எழுத முதலே இன்னொன்றும் அதே கட்டத்தைப் பார்த்து, அதுவும் வெறுமை என்று எடுக்கிறது. இரண்டும் எழுதுகின்றன. ஒருவரின் கலியாணப் படத்துக்குள் இன்னொருவரின் ஆய்வேடு வந்து விழுகிறது. எரர் எதுவும் வராது. ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போதுதான் தெரியும்.

அதனால்தான் பூட்டு. பட்டியலைத் தொட முதல் பூட்டை எடு. வேலை முடிந்ததும் விடு. மற்றவர்கள் அதுவரைக்கும் வெளியே நிற்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டுப் போட்டால் பிரச்சினை இல்லைத்தானே என்று கேட்டேன். லினக்ஸ் அதையும் செய்து பார்த்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட புரொசசர்களில் ஓடத் தொடங்கிய 1996 இல், முழுக் கேர்னலுக்கும் ஒரே பூட்டு. 'பெரிய கேர்னல் பூட்டு' என்றே அதற்குப் பெயர். எட்டுப் புரொசசர் இருந்தாலும் ஏழு வாசலில் நிற்கும். அதைச் சின்னச் சின்னப் பூட்டுகளாகப் பிரித்துப் பிரித்து, கடைசித் துண்டையும் கழற்றி எறிய 2011 ஆகிவிட்டது. ஆனால் பூட்டுகள் பலவாகும்போது புதிய கேள்வி ஒன்று பிறக்கிறது. இரண்டு பூட்டு வேண்டுமென்றால், எதை முதலில் எடுப்பது?

இதை விளங்க எனக்குக் கரண்டியை விடக் கிணறுதான் உதவியது. எங்கள் பக்கத்தில் பங்குக் கிணறு தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். காணியைச் சீதனத்துக்குப் பிரிக்கலாம். கிணற்றைப் பிரிக்க ஏலாது. அதனால் ஆளுக்கு ஒரு முறை வைத்து இறைப்பார்கள். இரண்டு குடும்பங்கள் என்று வையுங்கள். இறைக்கிற மிசினும் இருவருக்கும் பொதுவாக ஒன்றுதான். இன்றைக்கு முறை ஒருவருடையது. மிசின் மற்றவர் வளவில் நிற்கிறது. "மிசினைத் தா, இறைச்சுப்போட்டு முறையை விடுறன்" என்கிறார் ஒருவர். "முறையை விடு, இறைச்சுப்போட்டு மிசினைத் தாறன்" என்கிறார் மற்றவர். இருவர் கதைப்பதும் நியாயம். வெங்காயம் வாடுகிறது.

இந்த நிலைக்குப் பெயர் டெட்லொக். 1971 இல் கோஃப்மன் என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து, டெட்லொக் வருவதற்கு நான்கு நிபந்தனைகள் ஒன்றாகப் பொருந்தவேண்டும் என்று எழுதினார்கள். ஒரு பொருளை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாவிக்கலாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம். பிடித்திருப்பவரிடமிருந்து பறிக்க முடியாது. காத்திருப்பு ஒரு வட்டமாக வந்து முட்டுகிறது. இந்த நான்கில் எதை உடைத்தாலும் டெட்லொக் இல்லை. கோப்பு முறைமையில் முதல் மூன்றையும் உடைப்பது கஷ்டம். பாதி எழுதியவனிடம் பூட்டைப் பறித்தால் பட்டியல் நாசம். மிஞ்சுவது வட்டம். அதை உடைக்க ஒரு விதி காணும்: முதலில் முறை, பிறகுதான் மிசின், முறை இல்லாதவர் மிசினில் கை வைக்கக்கூடாது. எல்லாரும் ஒரே ஒழுங்கில் எடுத்தால் வட்டம் வராது.

லினக்ஸில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரில் இருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரண்டு ஃபோல்டரையும் பூட்டவேண்டும். நான் இங்கிருந்து அங்கே மாற்ற, நீங்கள் அதே நேரம் அங்கிருந்து இங்கே மாற்றினால் முட்டிக்கொள்வோம். அதற்கு எழுதிவைத்த விதி உண்டு. ஒன்று மற்றதற்குள் இருந்தால் வெளியில் உள்ளதை முதலில் பூட்டு. ஃபோல்டர் அல்லாத கோப்புகள் இரண்டைப் பூட்டவேண்டும் என்றால் மெமரியில் அவற்றின் முகவரி ஒழுங்கில் பூட்டு. முகவரியில் என்ன நியாயம் இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒழுங்கு நியாயமாக இருக்கவேண்டும் என்றில்லை. எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் போதும். இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

சரி, அக்காவின் டிரைவருக்கு வருவோம். அது உறையும்போது கத்தாது. ஸ்கிரீனில் சிவப்பு எழுத்து வராது. ஒரு ஃபோல்டரைத் திறக்கக் கேட்டால், திறந்துகொண்டே இருக்கும். அந்தப் புரோகிராம் 'டி' என்ற நிலைக்குப் போயிருக்கும். எழுப்ப முடியாத நித்திரை. லினக்ஸ்காரர் பெரிதாக நம்பும் 'கில் மைனஸ் 9' கூட அதைக் கொல்லாது. 120 செக்கன் கடந்த பிறகு கேர்னல் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்: இன்னார் 120 செக்கனுக்கு மேல் அசையவில்லை.

"செத்துப்போச்சோ அக்கா?"

"சாகேல்லை. நிக்குது. செத்தா நல்லம், ஏன் செத்ததெண்டு சொல்லியிருக்கும்."

ஏன் நிற்கிறது என்று பார்க்க அவ கோடுக்குள் ஆங்காங்கே "இங்கே வந்தேன், இங்கே வந்தேன்" என்று அச்சிடும் வரிகளைப் போட்டா. உடனே பிரச்சினை மறைந்தது. வரிகளை எடுத்தா, அடுத்த நாள் திரும்பி வந்தது. அந்த வரிகள் ஓட எடுக்கும் சொற்ப நேரமே இரண்டு பேரும் சந்திக்கும் தருணத்தைத் தள்ளிவிட்டது. பார்க்கப் போனால் மாறிவிடுகிற இந்த வகைப் பிழைக்கு, பௌதிகவியலாளர் ஹைசன்பர்க்கின் பெயரை வைத்து 'ஹைசன்பக்' என்று பெயர். 1985 இலேயே ஜிம் கிரே ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் பாவித்திருக்கிறார். பார்ப்பவர் பார்க்கப்படுவதை மாற்றுகிறார் என்று நாங்கள் விரிவுரையில் எழுதிக்கொள்கிற வசனம், ஒரு மேசையில் வைத்து ஒருவரின் சம்பளத்தைத் தீர்மானிப்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு அவ லொக்டெப்பைப் போட்டா. லினக்ஸ் கேர்னலுக்குள் இருக்கும் ஒரு கண்காணிப்பு. 2006 இல் இங்கோ மோல்னார் கொண்டுவந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். லொக்டெப் டெட்லொக் நடக்கும்வரை காத்திருக்காது. யார் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு எந்தப் பூட்டை எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டே போகும். திங்கட்கிழமை ஒருவர் முறை, மிசின் என்ற ஒழுங்கில் எடுத்தார். புதன்கிழமை இன்னொருவர் மிசின், முறை என்று எடுத்தார். இருவரும் ஒருநாளும் சந்திக்கவில்லை; சண்டையும் வரவில்லை. ஆனாலும் லொக்டெப் எழுதும்: இது ஒருநாள் முட்டும். நடந்ததை வைத்து நடக்கக்கூடியதைச் சொல்கிறது. அளவையியலில் நாங்கள் 'இயலும்' என்பதற்கும் 'உண்டு' என்பதற்கும் வித்தியாசம் படிக்கிறோமே, அதேதான்.

ஒரு மணித்தியாலத்துக்குள் அறிக்கை வந்தது. எழுதும் பக்கம் கட்டப் பட்டியலைப் பூட்டிவிட்டு ஃபோல்டரைப் பூட்டியது. அழிக்கும் பக்கம் ஃபோல்டரைப் பூட்டிவிட்டுக் கட்டப் பட்டியலைப் பூட்டியது. இரண்டு பூட்டு, இரண்டு பேர், மாறி எடுத்தது. அவ்வளவுதான். 2008 இல் ஷான் லூ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மைஎஸ்கியூஎல், அப்பாச்சி, மொசில்லா, ஓபன்ஆபிஸ் ஆகியவற்றில் இருந்து இப்படியான 105 பிழைகளை எடுத்துப் பார்த்தார்கள். அதில் டெட்லொக் 31. அந்த 31 இல் 30, இரண்டு பொருளுக்கு மேல் சம்பந்தப்படாதவை. பெரிய சிக்கல் என்று நாங்கள் நினைப்பது அனேகமாக இரண்டு பேர் விசயம்.

வெள்ளிக்கிழமை இணையக் கூட்டம். நான் காமராவுக்கு வெளியே இருந்தேன். முதல் கேள்வியே, "இது யாருடைய மாற்றம்?" என்பதுதான். எழுதும் பக்கத்தை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அழிக்கும் பக்கத்தை எழுதியவர் அக்காவோடு வேலை செய்கிறவர், அந்தக் கூட்டத்திலேயே இருந்தார். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். தகுதிகாண் காலத்தில் இருக்கிற ஒருத்திக்கு அது லேசான வழியும்கூட. அவ சொல்லவில்லை. "இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. எந்த ஒழுங்கில் எடுக்கவேண்டும் என்று ஒருவரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை" என்று மட்டும் சொன்னா. அங்கே கொஞ்ச நேரம் மௌனம். அந்தப் பதில் அவர்களுக்குப் பிடித்ததா என்று முகங்களில் தெரியவில்லை.

பகுதிகள் ஒவ்வொன்றும் சரியென்றால் முழுவதும் சரி என்று நினைப்பது ஒரு போலி என்று முதலாம் வருடத்திலேயே படித்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன். ஆனால் நாங்கள் வளர்ந்த விதம் வேறு. ஏதாவது நின்றுபோனால், "ஆற்ரை பிழை?" என்றுதான் வீட்டிலும் வாசிகசாலையிலும் கம்பஸிலும் முதலில் கேட்போம். பிழைகாரன் ஒருத்தன் கிடைத்தால் நிம்மதி. அவனைப் பேசி அனுப்பிவிட்டு, அதே ஒழுங்கில்லாத ஒழுங்கில் அடுத்த கிழமையும் மிசினையும் முறையையும் பிடித்துக்கொண்டு நிற்போம். பிழை செய்தவர்கள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவரும் பிழை செய்யாமலேயே எல்லாம் உறைந்து நிற்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே அந்தக் கேள்வி ஒன்றையும் திறக்காது.

ஒழுங்கைத் திருத்தி அனுப்பியாயிற்று. நான்காம் நாள் திரும்பவும் உறைந்தது.

அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. தகுதிகாண் காலம் முடிய ஆறு நாள். அந்த உறைவு கொம்பனியின் சோதனை மிசினில் மட்டும் வந்தது. அக்காவின் மடிக்கணினியில் எவ்வளவு ஓட்டியும் வரவில்லை. லொக்டெப்பும் வாய் திறக்கவில்லை. லொக்டெப் கண்டதைத்தான் சொல்லும். ஒருமுறையாவது ஓடாத பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவவின் கணினியில் தாராளமாக மெமரி. அந்தச் சோதனை மிசினில் மட்டுமட்டாகத்தான். வித்தியாசம் அதில் இருக்கலாம் என்று அவ சந்தேகப்பட்டா.

உறைந்த நேரத்தில் யார் யாரைக் கூப்பிட்டார் என்ற அடுக்கைக் கேர்னல் பதிந்திருந்தது. நாற்பது வரி வரும். கண் எரிகிறது என்று அவ கண்ணை மூடிக்கொண்டு, "நீ வாசி பிள்ளை, கீழ இருந்து மேல" என்றா. நான் பெயர்களை வாசித்தேன். புதுக் கோப்பு உண்டாக்கு. டிரைவர், அட்டவணையில் சேர். மெமரி எடு. மெமரி காணாது, மீட்டெடு. பழையதுகளைச் சுருக்கு. பாவிக்காத கோப்பை வெளியேற்று. டிரைவர், அட்டவணையில் இருந்து நீக்கு. பூட்டை எடு. அங்கே நின்றுவிட்டது.

"நில்லு. டிரைவர் எத்தினை தரம் வந்தது?"

இரண்டு தரம். இம்முறை இரண்டு பேர் இல்லை. ஒரே ஆள். புதுக் கோப்புக்காக அட்டவணையைப் பூட்டினான். பூட்டிக்கொண்டே மெமரி கேட்டான். மெமரி இல்லாததால் கேர்னல், பாவிக்காத பழைய கோப்புகளை வெளியேற்றச் சொல்லி, சுற்றிவந்து அதே டிரைவரிடமே கேட்டது. வெளியேற்ற அட்டவணைப் பூட்டு வேண்டும். அது ஏற்கெனவே அவன் கையில். தன் மடியில் திறப்பை வைத்துக்கொண்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று தன் வீட்டுப் படலையில் நிற்கிற ஆள். பின்னால் வந்த எல்லாரும் அவனுக்குப் பின்னால் வரிசையில்.

கோப்பு முறைமை எழுதுபவர்களுக்கு இது பழைய எதிரியாம். அதற்கென்றே கேர்னலில் ஒரு கொடி உண்டு: 'ஜிஎஃப்பி நோஎஃப்எஸ்'. மெமரி கேட்கும்போது அதைச் சேர்த்தால், "தேடித் தா, ஆனால் அதுக்காகக் கோப்பு முறைமையிட்டத் திரும்பி வராதை" என்று பொருள். திருத்தம் ஒரே ஒரு சொல். மூன்று கிழமை நித்திரையில்லாமல் ஒரு சொல்லை மாற்றினாய் என்று சொன்னால் பெரியம்மா நம்பவே மாட்டா. அதற்குப் பிறகு, மெமரியைக் குறைத்து வைத்த ஒரு மெய்நிகர் கணினியில் திருத்தாத டிரைவரை லொக்டெப்போடு ஓட்டிப் பார்த்தா. இம்முறை அது பாதையைக் கண்டது, கண்டதும் சொன்னது.

இவ்வளவுக்கும் நடுவே எனக்கு ஒரு சந்தேகம். ஒவ்வொரு தரமும் உறைந்த மிசினை பவர் பட்டனை அமத்தித்தானே எழுப்பினீர்கள், பாதி எழுதிய கோப்புகள் என்ன ஆயின? பட்டியலை மாற்ற முதல், என்ன மாற்றப்போகிறேன் என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைத்துவிட வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அதைப் பார்த்து, முடிந்ததைத் திரும்பச் செய்து, முடியாததைக் கழித்துவிடலாம். தரவுத்தளங்களில் இந்த முறையைப் பூட்டுகளோடு பொருத்தி முழுமையாக எழுதிய கட்டுரைகளில் முக்கியமானது 'ஏரீஸ்', 1992. முதல் ஆசிரியர் சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்தவர். ஐபிஎம்மில் வேலை செய்தவர். மெட்ராஸ் ஐஐடியில் அவர் படித்தது இரசாயனப் பொறியியல். "பாத்தியோ, எல்லாரும் படிச்சதையே செய்யிறதில்லை" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னா. அதை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் என் வயது ஆட்களுக்கு, முக்கியமாகக் கலைப்பீடத்து ஆட்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இது எங்கட பாடமில்லை என்று நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறோம். ஆனால் அந்த மூன்று கிழமையில் அக்கா செய்ததில் பெரும்பகுதி கோடு எழுதுவதில்லை. சாட்சிகளை அடுக்கினா. எந்தச் சாட்சி எதைக் கண்டிருக்க முடியாது என்று யோசித்தா. கேட்கிற கேள்வியே பதிலை மாற்றுகிறதா என்று பார்த்தா. வரலாறு படிப்பவளும் மெய்யியல் படிப்பவளும் செய்கிற வேலைதான். சொற்கள்தான் வேறு, அந்தச் சொற்களும் பூட்டு, திறப்பு, முறை, ஒழுங்கு என்று தமிழில் வந்து இருந்துகொண்டபோது எனக்கு ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை.

அவவுக்கு வேலை நிரந்தரமானது. கூட்டத்தில் பெயர் சொல்லாததற்காக ஒருவரும் பாராட்டவில்லை, குறையும் சொல்லவில்லை. கடைசித் திருத்தத்தோடு அவ இன்னொன்றும் அனுப்பினா. கோடுக் கோப்பின் தலையில் பதினொரு வரிக் குறிப்பு: எந்தப் பூட்டு முதலில், எது அடுத்து, எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு மெமரி கேட்கும்போது எந்தக் கொடி வேண்டும். லினக்ஸ் கேர்னலிலும் 'ஃபைல்மேப்' என்ற கோப்பின் தலையில் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்று காட்டினா. அந்தப் பதினொரு வரி ஓடாது. கணினி அதை வாசிப்பதே இல்லை.

"அப்ப ஆருக்கு எழுதினனீங்கள்?"

"அடுத்ததா மூண்டாவது பூட்டொண்டு போட வாற ஆளுக்கு."